அக்காக் குயிலின் குலம்

நாயுடுபுரத்தின் குளிரில் அக்காக் குயிலின் குரல் அரிதாகவே கேட்கும். கொடைக்கானல் நகரின் ஒரு பகுதியான இவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்காக் குயிலோ பெரும்பாலும் 1,000 மீட்டருக்குக் கீழே வாழ்வது. வத்தலக்குண்டுப் பாதையில் இறங்க இறங்க, கம்பளியைக் கழற்றி வைக்கத் தோன்றும் இடத்தில், கோடைக் காலத்தில் அதன் கூவல் நம்மை எதிர்கொள்கிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறி, ஒவ்வொரு முறையும் குரலை ஒரு படி உயர்த்தி, உச்சிக்குப் போனதும் சட்டென நிறுத்திவிடும். நிலவுள்ள இரவுகளில் அதற்கு ஓய்வே கிடையாது. ஆங்கிலேயர் காதில் அது 'மூளைக் காய்ச்சல்' என்று விழுந்தது. இந்தி பேசுவோருக்கு 'அன்பன் எங்கே' என்றும், மராட்டியருக்கு 'மழை வந்தது' என்றும் கேட்கிறது. தமிழருக்கோ 'அக்கா, அக்கா'. அவரவர் காதுக்கு அவரவர் கவலை.

ஒருநாள் நாயுடுபுரத்துத் தேநீர்க் கடையில் பேச்சு இப்பறவையின் பக்கம் திரும்பிற்று. "அடுத்தவன் வீட்டுல முட்டைய வச்சுட்டுப் போறதெல்லாம் ஒரு பொழப்பா, பாய்?" என்றார் கடைக்காரர். குயிலைப் பற்றி மனிதன் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்விதான் அது. அறிவியலாரும் இவ்வழக்கத்தை ஒட்டுண்ணி வாழ்க்கை என்றே குறிக்கின்றனர். அச்சொல்லிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது என்பது நம் எண்ணம்.

நடப்பது இதுதான். அக்காக் குயில் கூடு கட்டுவதில்லை. கூட்டமாகக் கத்தித் திரியும் தவிட்டுக் குருவிகளின் கூட்டில் அது முட்டையிடும். அக்குருவியின் முட்டையும் நீலம், இதன் முட்டையும் நீலம். தோற்றமோ வல்லூற்றைப் போன்றது. சாம்பல் முதுகு, வரி விழுந்த வால், சிறகை அடித்துப் பின் மிதந்து செல்லும் அதே பறப்பு. கண்ட சிறு குருவிகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். பொரித்து வரும் குஞ்சு கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும் என்பர். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு இவ்வாறு செய்வதை 1788ஆம் ஆண்டிலேயே எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். பின்னர் அம்மைக்குத் தடுப்பு கண்ட அதே மருத்துவர்தாம். ஆனால் அக்காக் குயிலின் குஞ்சு எப்போதும் அப்படிச் செய்வதில்லை என்றும், தவிட்டுக் குருவிக் குஞ்சுகளோடு கலந்தே திரியக் காணலாம் என்றும் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டில் குறித்து வைத்தார். கூட்டத்தோடு கிளைக்குக் கிளை தாவி, கரகரத்த குரலில் கெஞ்சும் அதற்கு வளர்ப்புப் பெற்றோர் ஏறக்குறைய ஒரு மாதம் ஊட்டுகின்றன.

குயில் குடும்பம் முழுவதும் இப்படி என்று எண்ணிவிடலாகாது. நம் வேலியோரத்துச் செம்போத்தும் அக்குடும்பமே. அது தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே வளர்க்கிறது. குயில்களில் பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் அவ்வாறே வாழ்கின்றன. வல்ல இறைவன் ஒரே குடும்பத்தில் இரு வழிகளையும் வைத்தான். மயிரடர்ந்த கம்பளிப் புழுக்களை மற்றப் பறவைகள் பெரும்பாலும் ஒதுக்க, அக்காக் குயில் அவற்றைக் கிளையில் அழுத்தித் தேய்த்துக் குடலை நீக்கி விழுங்கும். மயிர் வயிற்றில் திரண்டு உருண்டையாக வெளியே வரும். திருட்டுப் பறவை என்பார் இதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

நம்மை வியக்க வைப்பது வேறொன்று. தவிட்டுக் குருவியின் இரைச்சலுக்கு நடுவே வளர்ந்த குஞ்சு அவ்விரைச்சலைக் கற்பதில்லை. பெற்றோரின் முகமே அறியாத அது, வளர்ந்தபின் 'அக்கா' என்றே கூவுகிறது. வளர்ப்பு வேறு, வம்சம் வேறு. மனிதர்க்குரிய சட்டத்தைப் பறவைக்குப் பொருத்துவது நம் நோக்கமன்று. எனினும் வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்னும் திருக்குர்ஆனின் 33:5ஆம் வசனம் இங்கே நினைவில் எழாமல் இல்லை. அதன்பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மகனாக வளர்த்த ஜைது (ரலி) அவர்கள் மீண்டும் 'ஹாரிஸாவின் மகன்' என அழைக்கப்பட்டார்கள். பாசம் குறையவில்லை, பெயர் மட்டும் உரிய இடம் சேர்ந்தது.

பறவையை வகைப்படுத்துவோரின் வேலையும் ஏறத்தாழ அதுவே. இக்குயிலுக்கு அறிவியற் பெயர் கிடைத்தது நம் தரங்கம்பாடியால் என்பது பலர் அறியாதது. அங்கிருந்து, டேனியர் ஆட்சிக் காலத்தில், சென்ற பறவையைக் கொண்டு மார்ட்டின் வால் என்பார் 1797இல் 'குக்குலஸ் வேரியஸ்' எனப் பெயரிட்டார். 1840களில் சாலமன் முல்லர், வல்லூற்றுத் தோற்றமுடைய குயில்களுக்கென 'ஹைரோகாக்சிக்ஸ்' என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். வல்லூற்றுக் குயில் என்பதே அதன் பொருள். பின்னர் வந்தோர் அதை மீண்டும் பழைய வீட்டிலேயே சேர்த்தனர். சாலிம் அலியும் தில்லான் ரிப்ளேயும் 1969இல் வெளியிட்ட கையேட்டின் மூன்றாம் தொகுதியிலும் அது குக்குலஸ்தான். இன்றைய பட்டியல்கள் முல்லர் வகுத்த பெயருக்கே திரும்பிவிட்டன. இலங்கை மலைநாட்டில் வாழ்வதைத் தனித் துணையினமாகவும் கொள்கின்றனர்.

வளர்ப்போர் குலத்திலும் இதே கதை. நாயுடுபுரத்தை ஒட்டிய சோலைகளில் வாழும் சிரிப்பான் குருவி, தவிட்டுக் குருவிக்கு ஒரே குடும்பத்து உறவு. அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயரை பிளான்ஃபோர்டு 1869இல் அதற்குச் சூட்டினார். இமயத்துச் சிரிப்பான்களோடு நெடுநாள் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த அதனை, மரபணுவை ஆராய்ந்து 2017இல் பிரித்தெடுத்து, மேற்கு மலைத்தொடருக்கே உரிய 'மாண்டெசிங்க்ளா' என்னும் பேரினத்தில் வைத்தனர். அடைமொழியாக ஃபேர்பேங்கின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.