‘கண்டறியப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும்

கடலோர நீரின் தரம் குறித்த ஆய்வறிக்கைகளில் அடிக்கடி தென்படும் சொல் ‘கண்டறியப்படவில்லை’. வேதியியலாருக்கு அதன் பொருள் வரையறைக்குட்பட்டது: இந்த மாதிரியில், இந்தக் கருவியைக் கொண்டு, இந்த அளவுக்குக் கீழ் எதையும் உறுதியாகக் கூற இயலாது. அறிக்கை ஆய்வகத்தைக் கடந்து கூட்டக் குறிப்பாகவும் செய்தியாகவும் மாறும்போது அச்சொல் ‘இல்லை’ என்று சுருங்கிவிடுகிறது. செயப்பாட்டு வினைக்குள் மறைந்திருக்கும் வினைமுதலை, அதாவது தேடிய கருவியையும் அதன் வரம்பையும், எவரும் கேட்பதில்லை.

நிலைத்த கரிம மாசுகளைப் பொறுத்தவரை இச்சுருக்கம் ஆபத்தானது. டிடிடி, பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் இருந்த பிசிபி ஆகியவை நீரில் மிக அரிதாகவே கரையும், கொழுப்பை நாடும், வண்டல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு குப்பி கடல்நீரில் அவற்றைத் தேடுவது, ஏறத்தாழ ‘கண்டறியப்படவில்லை’ என்ற விடையை முன்கூட்டியே எழுதிவைப்பதாகும். அதே இடத்துப் பாறையில் ஒட்டி வாழும் மட்டியின் தசையிலோ அவை நீரில் உள்ளதைப் போலப் பல்லாயிரம் மடங்கு செறிந்திருக்கக்கூடும். இதனால்தான் எட்வர்ட் கோல்ட்பர்க் 1975இல் கடலோர மாசைக் கண்காணிக்க மட்டிகளைப் பயன்படுத்தலாம் என முன்மொழிந்தார். தென்னிந்தியக் கரைகளின் பச்சை மட்டிகளில் இத்தகைய எச்சங்களை அளந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. அதில் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானியரும் இணைந்து பணியாற்றினர்.

ஆனால் எல்லா மாசுக்கும் மட்டியே சாட்சியாகிவிடாது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த பிஃபாஸ் நீரில் கரையும் இயல்புடையது. அதற்கு நீர் மாதிரியே ஏற்றது. எதை எங்கே தேடுவது என்பதை அப்பொருளின் இயல்பே முடிவுசெய்கிறது.

இருப்பதாகக் கண்ட பின்னரும் கேள்வி முடிவதில்லை. டிடிடி காலப்போக்கில் சிதைந்து டிடிஇ ஆகிறது. டிடிஇ மிகுந்திருந்தால் பெரும்பாலும் பழைய எச்சம். டிடிடி மிகுந்திருந்தால் புதிய வரவென ஐயுறலாம். இந்தியாவில் வேளாண்மையில் டிடிடி பயன்பாடு 1989இல் தடைசெய்யப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் பயன்பாடு அதன் பின்னரும் தொடர்ந்தது. எனவே இந்த விகிதம் மேலாண்மை முடிவையே மாற்றவல்லது. புதிய வரவென்றால் மூலத்தை அடைக்க வேண்டும். பழைய எச்சமென்றால் அதைச் சேற்றுக்குள் கிளறாமல் விடுவதே பலவேளைகளில் பாதுகாப்பு. துறைமுகத்தைத் தூர்வாரும்போது பல பதிற்றாண்டுகளாக அடங்கிக் கிடந்தது மீண்டும் நீரில் கலக்கிறது. நீர் மாதிரியை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதப்பட்ட அறிக்கையைக் காட்டித் தூர்வார அனுமதி பெற்றால், அதன் விலையை அக்கரையில் மட்டி பொறுக்குவோரும் மீன் உண்போரும் செலுத்துவர்.

கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. பிசிபி என்பது 209 சேர்மங்களின் குடும்பம். கண்டறியப்படாதவற்றைச் சுழியம் எனக் கூட்டினால் ஒரு மொத்தம். கண்டறிதல் வரம்பில் பாதியெனக் கூட்டினால் வேறொரு மொத்தம். கருவி மேம்பட்டு வரம்பு தாழ்ந்தால், முன்பு வெற்றிடமாக இருந்த கட்டங்களில் எண்கள் தோன்றும். மாசு பெருகியது போலக் காட்சியளிக்கும். வரம்பு குறிப்பிடப்படாத இரண்டு ஆண்டுகளின் அட்டவணைகளை ஒப்பிடுவது, அளவுகோல் தெரியாத இரண்டு வரைபடங்களில் தூரத்தை அளப்பதற்கு ஒப்பானது.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006இல் உறுதியளித்து இணைந்தது. தொடக்கத்தில் 12 பொருள்கள். 2011இல் எண்டோசல்ஃபானும் சேர்ந்தது. பட்டியல் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. தடை பலனளித்ததா என்பதை அறிய ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே இனத்தில் பல்லாண்டுகள் அளந்தாக வேண்டும். முனைவர் பட்ட உதவித்தொகையோ சில ஆண்டுகளில் முடிகிறது. ஆய்வேடு நூலகத்துக்குச் செல்கிறது. உறைபெட்டியில் எஞ்சிய மாதிரிகளுக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போகிறது. மாசின் ஆயுளோ ஆய்வுத்திட்டத்தின் ஆயுளைவிட நெடியது.

நீண்டகாலக் கண்காணிப்புக்கு நிதியும் நிறுவன உறுதியும் தேவை. அவை மாணவர் கையில் இல்லை. வேறொன்று இருக்கிறது. அட்டவணையின் அந்தக் கட்டத்தில் சொல்லுக்குப் பதிலாக எண்ணை எழுதலாம்: இன்ன அளவுக்கும் குறைவு, இன்ன முறையால், இன்ன நாளில். இருபது ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு வரும் மற்றொரு மாணவர் தம் அளவீட்டை அதனுடன் ஒப்பிட அது போதும்.