வலப்பக்கச் சன்னல்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறப்பதென்றால் வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். கரை அந்தப் பக்கம்தான். மாமல்லபுரம், புதுச்சேரி, காவிரி கடல் சேரும் இடம் எல்லாம் மேகத்துக்குள் ஒளிந்து ஒளிந்து வரும். கோடியக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்பிவிடும். பிறகு வெறும் கடல். நேர்கோட்டில் மொத்தம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இந்த வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் ஓடக்கூடியது. ஏற்றம், இறக்கம், ஓடுபாதையில் காத்துநிற்பது எல்லாம் சேர்ந்து ஒன்றே கால் மணி, மிஞ்சினால் ஒன்றரை.

புது வழி அல்ல இது. எயார் சிலோனின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கி, சென்னைக்குத்தான் போனது. யுத்தம் அந்த வழியை அடைத்தது.

அடைத்த வழி எவ்வளவு நீளம் என்று 2016 ஆடியில் தெரிந்துகொண்டேன். அப்பா சென்னையில் காலமாகியிருந்தார். "கீரிமலையிலை கரைச்சுவிடு" என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாட அங்கே வரும் ஆடி அமாவாசைக்குப் போய்ச் சேர வேண்டும். அஸ்திக் கலயத்தோடு கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவுக்குப் பறந்தேன். சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் கோடு இழுத்துப் பாருங்கள், யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகும். அப்பாவை அவருடைய ஊர் தாண்டிக் கொண்டுபோய், கொழும்பில் இரவு பஸ் ஏற்றி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் திருப்பிக் கொண்டுவந்தேன். வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். கலயத்தைத் தனியே விட மனமில்லாமல் அதையும் அணைத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் பார்த்தார்.

"ஆர் தம்பி, அப்பாவோ?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"பலாலி."

கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, கலயத்தைத் தொட்டுக் கும்பிட்டார். விடிந்தபோது கீரிமலையில் தவிலும் நாதஸ்வரமும், கால் வைக்க இடமில்லாத சனமும். இரண்டு நாள் அலைந்து வந்த அப்பா ஒரு அலையில் கரைந்துபோனார்.

2019 நவம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா அதை நிறுத்தியது. கட்டுநாயக்க 2021 ஜனவரியிலேயே பயணிகளுக்குத் திறந்தது. பலாலிக்குச் சென்னை விமானம் வர 2022 டிசம்பர் ஆனது. நோய் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பலாலியின் ஓடுபாதையும் குட்டை, பெரிய விமானம் இறங்காது. நீட்டுங்கள் என்று நானும் கேட்கிறேன். எதற்குள் நீட்டுவது? 1990 ஜூனில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய காணிகளுக்குள்தான். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து துண்டு துண்டாகத்தான் நிலம் விடுபடுகிறது. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திரும்ப வந்தது, எங்கள் வளவு வரவில்லை. காணியை விடு, ஓடுபாதையை நீட்டு என்று ஒரே வாயால் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீட்டட்டும், ஆனால் முதலில் உறுதிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு நீட்டட்டும்.

போன வருடம் அம்மாவைச் சன்னலோரம் இருத்திக் கூட்டிவந்தேன். பனங்கூடல், செம்மண், பிறகு சக்கரம் தரை தொட்ட அதிர்வு. அம்மா கண்ணாடியில் விரலை வைத்தார்.

"தம்பி, உந்தப் பனைக்கு அங்காலைதான் எங்கட கிணறு."

பனை பின்னால் போனபிறகும் விரலை எடுக்கவில்லை.

வெளியே ஆட்டோக்காரப் பொடியன் கேட்டான். "எங்கையம்மா போகவேணும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சுன்னாகம். தங்கச்சி வீட்டை."