மூளை ரத்தக்குழாய்ச் சிக்கலுக்கு மாத்திரை உண்டா?

சிங்கப்பூரின் தேக்காவில் பார்த்த அண்ணன் ஒருவர் கவலையோடு கேட்டார்: "மகளுக்கு மூளையில ரத்தக்குழாய் பின்னிக் கிடக்காம். மருந்திலேயே கரைக்க முடியாதா தம்பி?"

தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய் இல்லாமல் நேராக இணைவதுதான் இந்தச் சிக்கல். இதைக் கரைக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. மாத்திரைகள் வலிப்பையும் தலைவலியையும் கட்டுப்படுத்தும். சிக்கலை நீக்க அறுவை சிகிச்சை, குழாய்வழி அடைப்பு, கதிர்வீச்சு ஆகியவையே வழி.

ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. 2018இல் நோயாளிகள் பலரின் இந்தக் குழாய்களில் 'கேராஸ்' மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. அது தூண்டும் செல் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் டிராமெட்டினிப் என்ற புற்றுநோய் மருந்து இப்போது ஆய்வில் உள்ளது.

அந்த ஆய்வின் முடிவு தெரியும்வரை, வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று கடும் தலைவலியோ, கைகால் தளர்ச்சியோ வந்தால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.