27.2 மில்லிமீட்டர்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த ரேஸ் சைக்கிளுக்கு அவ்வீட்டு அம்மையார் சொன்ன விலை மூவாயிரம் ரூபாய். பழைய இரும்புக் கடைக்காரர் எண்ணூறு தருவதாகச் சொல்லியிருந்தார். திருப்பதியிலிருந்து அதைப் பார்க்க வந்த ஆய்வு மாணவனின் பையில் இருந்தவை இயற்பியல் ஆய்வகத்தில் இரவல் வாங்கிய வெர்னியர் காலிப்பர், ஓர் அளவுநாடா, ஒரு நூற்கண்டு, மூவாயிரத்து இருநூறு ரூபாய். உதவித்தொகை வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. விடுதிக்கும் நூலகத்துக்கும் இடையில் நாள்தோறும் நடந்து தேய்ந்தவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது; அந்தத் தேவைக்கு எந்த வண்டியும் போதும் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். ஆனால் அலைபேசியில் வந்த மங்கலான படத்தில் பிரேமின் இணைப்புகளைப் பார்த்த பிறகு அவனுக்கு வேறெந்த வண்டியும் போதவில்லை.

அம்மையார் தமிழில்தான் பேசினார். சித்தூரில் இது வியப்பன்று. வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து 1911இல் உருவாக்கப்பட்ட மாவட்டம் அது. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர வீடுகள் நகரவில்லை. அவருடைய கணவர் பொறியாளர். இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1970களின் நடுவில் கப்பலில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பொருள்களில் இந்த வண்டியும் ஒன்று. “அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு தம்பி. பையனுக்கு இதுல ஏறவே தெரியாது. எடம்தான் அடைக்குது” என்றார்.

வண்டியின் மேல் உள்ளூர்ப் பெயிண்டர் யாரோ பச்சைச் சாயம் பூசியிருந்தார். நிறுவனத்தின் ஒட்டுத்தாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தலைக்குழாயில் இருந்த பித்தளைத் தகடு மட்டும் ராலே என்றது. ராலே என்ற பெயர் தனியாக எதையும் உறுதி செய்வதில்லை. நாட்டிங்காமில் அந்நிறுவனம் அஞ்சல்காரர் ஓட்டும் வண்டியையும் செய்தது, பந்தயக்காரர் ஓட்டும் வண்டியையும் செய்தது. இரண்டுக்கும் ஒரே தகடு. வேறுபாடு குழாய்க்குள் இருந்தது.

பழைய எஃகு வண்டியின் மதிப்பைக் கணிப்பவர்கள் முதலில் தேடுவது இந்தக் குழாயைத்தான். பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸ் நிறுவனம் 1935இல் வெளியிட்ட 531 என்னும் மாங்கனீசு–மாலிப்டினம் எஃகு, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் பந்தய வண்டிகளின் அளவுகோலாக இருந்தது. அதன் சிறப்பு பலராலும் தவறாகச் சொல்லப்படுகிறது. எஃகின் விறைப்பு, அதாவது யங் குணகம், சாதாரண எஃகுக்கும் உயர்தர எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது வலிமை. வலிமை கூடினால் சுவரை மெல்லியதாக்கலாம். சுவர் மெலிந்தால் எடை குறையும், ஓட்டத்தில் ஒரு துள்ளல் வரும். குழாயின் நுனிகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுக்கும் முறைக்கு ரெய்னால்ட்ஸ் குடும்பம் 1897லேயே காப்புரிமை பெற்றிருந்தது. இணைப்பின் வெப்பத்தைத் தாங்க வேண்டிய நுனியில் உலோகம் கூடுதல். சுமை குறைந்த நடுவில் உலோகம் மிச்சம்.

இந்தக் கதைக்கு ஒரு சென்னைக் கிளையும் உண்டு. முருகப்பா குடும்பத்தார் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து. ரெய்னால்ட்ஸும் நெடுங்காலம் அதே குழுமத்தின் உறுப்பு. 1960இல் ராலேயும் அதற்குள் வந்து சேர்ந்தது. நம் அப்பாக்களின் ஹெர்குலிஸும் ஐரோப்பியப் பந்தய வீரனின் ராலேயும் ஒருவகையில் பங்காளிகள். ஆனால் ஒன்று இருபது கிலோவை ஒட்டி எடையுள்ள, நெல் மூட்டை சுமக்கும் வண்டி. மற்றொன்று அதில் பாதி எடை.

மாணவன் சீட்டை இழுத்துப் பார்த்தான். இது முதற்சோதனை. அலுமினிய சீட் பைப் எஃகுக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஈரத்தோடு சேர்ந்து அரித்து இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அந்தக் கூலிக்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். நல்லவேளையாக அந்தப் பொறியாளர் கிரீஸ் தடவியிருந்தார். பைப் முனகிக்கொண்டே வெளியே வந்தது. காலிப்பரில் அதன் விட்டம் 27.2 மில்லிமீட்டர். மற்றவர்களுக்கு அது வெறும் எண். இருக்கைக் குழாயின் வெளிவிட்டம் 28.6, கழித்தால் 1.4, இருபுறச் சுவருக்கும் பகிர்ந்து, பைப் நுழைவதற்கான இடைவெளியையும் விட்டால், சுவரின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். மலிவு எஃகில் அவ்வளவு மெல்லிய குழாய் செய்யமாட்டார்கள். அந்தக் காலத்து நாட்டிங்காம் வண்டியில் அந்த அளவு வந்தால் பெரும்பாலும் 531தான்.

அவன் காலிப்பரைத் துடைத்துப் பையில் வைத்தான். எதுவும் சொல்லவில்லை.

ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்குக் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லா வண்டியையும் மட்டமானதாகவே கருதி விலை சொல்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையை விட்டே விலகுகிறான். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு இந்தச் சிந்தனையே அடிப்படை. கிரீம்ஸ்பேட்டைப் பின்கட்டில் நிலைமை தலைகீழ். அறிந்தவன் வாங்க வந்தவன்; அறியாதவர் விற்பவர். இந்தத் தலைகீழ் நிலை பழம்பொருள் வணிகம் முழுவதிலும் உண்டு, அதில் செல்வம் சேர்த்தவர்களும் உண்டு. வாங்குபவன் தான் அறிந்ததைச் சொல்லியாக வேண்டும் என்று பொதுவாக எந்தச் சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஓலைச்சுவடிகளையும் பழைய பதிப்புகளையும் தேடி வீடு வீடாகச் சென்ற ஆய்வாளர்கள் இந்தத் தயக்கத்தை நன்கு அறிவார்கள். நன்றியுரைப் பக்கத்தில் அது இடம்பெறுவதில்லை.

அவன் சோதனையைத் தொடர்ந்தான். தொடர்ந்தது முடிவைத் தள்ளிப்போடுவதற்காகவும் இருக்கலாம். பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு அமரும் பிளவில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்தான். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் பின்பகுதி நேர். இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு, அது குறையன்று. செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகளை அளந்தான். புதிய செயினில் அது சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடினாலே பற்சக்கரமும் தேய்ந்திருக்கும் என்பது கணக்கு. இங்கே அதைவிடவும் கூடியிருந்தது. ரிம்மில் சிறிய கோட்டம். அது ஒரு மணி நேர வேலை. டயர் இரண்டும் விரிசல் விட்டிருந்தன. 27 அங்குல ரிம், அதாவது 630 மில்லிமீட்டர். இன்றைய 700 வகை டயர் 622, அது இதில் ஏறாது. நம் ஊர் 28 அங்குல வண்டியின் டயர் 635, அதுவும் உட்காராது. இப்படிப்பட்ட ஒரு டயருக்காகவே பலர் நல்ல வண்டியைக் கைவிட்டிருக்கிறார்கள்.

கடைசியில் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில், தலைக்குழாய் இணைப்புக்கு நான்கு விரற்கடை பின்னால், விரலை ஓட்டினான். விரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. கண்ணுக்குப் பச்சைச் சாயம் சமமாகவே தெரிந்தது. முன்சக்கரம் எதன் மீதாவது மோதும்போது போர்க் பின்னால் தள்ளப்பட்டு, குழாயின் தடித்த நுனி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடம் மடங்கும். மெல்லிய குழாயின் பெருமையும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தபோது போர்க்கும் தலைக்குழாயின் கோட்டிலிருந்து சற்றே பின்வாங்கியிருந்தது. சேகரிப்பாளர் ஒருவரிடம் பெரும் விலை போகக்கூடிய பிரேமின் மதிப்பை இந்த ஒரு மேடு நாலில் ஒரு பங்காக்கிவிடும்.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். முதலில் நல்லதைச் சொன்னான்: இது சாதாரண வண்டி அன்று, உயர்ந்த எஃகு, இரும்புக் கடைக்குப் போடவே கூடாது, பெங்களூரில் இதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள், மூவாயிரம் மிகவும் குறைவு. அம்மையார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அப்ப பத்தாயிரம் போகுமா தம்பி?” என்றார். பிறகு அவன் மேட்டைப் பற்றியும் போர்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் மாறியது.

“மொதல்ல ஒசத்தின்னீங்க. வெல ஏத்திச் சொன்ன ஒடனே ஒடஞ்சதுங்கறீங்க. நான் எதத் தம்பி நம்பறது?”

நியாயமான கேள்வி. சொன்ன வரிசை மாறியிருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார். அறிவு ஒரே பக்கம் குவிந்திருக்கும் இடத்தில் உண்மையும் பேரத்தின் உத்தி போலவே ஒலிக்கிறது. அவன் அவர் கையைப் பிடித்து விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டினான். அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆறு வண்டிகளையாவது தடவியிராத விரலுக்கு அது புலப்படாது. மைக்கேல் பொலானி 1958இல் எழுதிய நூலில், மிதிவண்டி ஓட்டுபவன் தான் எப்படி விழாமலிருக்கிறான் என்பதைச் சொல்லத் தெரியாமலே ஓட்டுகிறான் என்று காட்டியிருப்பார். வண்டியைத் தடவிப் பார்ப்பவனின் அறிவும் அவ்வகையே. சொல்லலாம், சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

“நம்ம தெருமுனை சைக்கிள் கடைக்காரர வரச் சொல்றேன். அவரு எங்க வீட்டுக்காரருக்கு வேண்டியவரு” என்றார் அம்மையார்.

வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ரெய்னால்ட்ஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. வண்டியை ஒரு கையால் தூக்கி இறக்கினார். உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி, கீழ்க்குழாயின் அடியில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். அதே இடத்தில் நின்றது விரல்.

“இது பாகாலா ரோட்ல கல்வெட்டுக்கிட்ட விழுந்தப்ப ஆனதும்மா. ரிம் நான்தான் மாத்துனேன். இத அன்னிக்கே சாரு கிட்ட சொன்னேன், வீட்ல சொல்லாதேன்னாரு.”

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. விழுந்த செய்தியே அவருக்குப் புதிது. முழங்காலில் கட்டுடன் வந்த ஒரு மாலை அவருக்கு நினைவிருந்தது. படியில் தடுக்கியது என்று கணவர் சொல்லியிருந்தார்.

“ஓட்டலாமா?” என்று மாணவன் கேட்டான்.

“ஓட்டலாம் சார். அதுக்கப்புறம் அவரே பத்து வருஷம் ஓட்டுனாரு. மலை எறக்கத்துல வேகமா விடாதீங்க.”

உலோகவியல் படித்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். எஃகு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் உடையும். முதலில் சாயத்தில் மயிரிழை விரிசல், பிறகு ஒரு முனகல், அதன்பின் முறிவு. கவனிப்பவனுக்கு அவகாசம் கிடைக்கும். கவனிக்காதவன் அலிபிரி இறக்கத்தில் தெரிந்துகொள்வான்.

விலையைக் கடைக்காரரே சொன்னார்: நாலாயிரத்து ஐந்நூறு. அது இரும்பின் விலையும் அன்று, சேகரிப்பாளரின் விலையும் அன்று. சந்தை விலை என்றும் அதைச் சொல்ல முடியாது. இத்தகைய வண்டிக்கு அப்படியொன்று நம் ஊர்களில் நிலைபெறவே இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிந்த எண் அது. மூவாயிரம் அன்றைக்கு, மீதி உதவித்தொகை வந்தபின். எழுத்து எதுவும் இல்லை. மணியை மட்டும் கழற்றித் தரச் சொல்லி அம்மையார் வாங்கிக்கொண்டார்.

போர்க்கைக் கடைக்காரர் இரண்டு நாளில் நிமிர்த்துக் கொடுத்தார். செயினும் பற்சக்கரமும் மாறின. டயர்தான் மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் வேலூரில் கிடைத்தது. சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். கல்வெட்டு ஒன்று வரும் இடமெல்லாம் அவன் வேகத்தைக் குறைத்தான். எந்தக் கல்வெட்டு என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. மீதி ஆயிரத்து ஐந்நூறு ஐந்தாம் மாதம் போய்ச் சேர்ந்தது.

விடுதி அறையின் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு பட்டியல் வளர்ந்துவருகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவன் பெடல் அச்சின் நடுவிலிருந்து முன்சக்கர அச்சின் நடு வரைக்கும் அளவுநாடா வைத்து எழுதுகிறான். மேடு வளர்ந்தால் இந்தத் தூரம் குறையும். பதினோரு மாதமாக ஒரே எண்.