சேர்க்க வேண்டாத சுருதி

விண்வெளிக் கப்பலைப் பற்றிய சங்கீதம் ஒன்றைக் கேட்டுவிட்டு அப்பாவின் தம்புராவை உறையிலிருந்து எடுத்தேன் என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். நடந்தது அதுதான்.

1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை வைத்து மின் இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். 1972 வரை அதில் இந்தியர்கள் சிலர் வேலை செய்தார்கள். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. கீதா சாராபாய் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடமிருந்து மேற்கத்திய சங்கீதம் கற்றவர். ஜோஷிபுரா கட்டடக்கலை மாணவர், பத்தொன்பது வயசு. அவர் செய்ததற்குப் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. குப்ரிக்கின் படம் வந்தது 1968இல். மனிதன் சந்திரனில் இறங்கியது மறுவருஷம். அந்த வயசில் 2001 என்பது வருஷம் அல்ல, போய்ச் சேரவேண்டிய ஓர் ஊர்.

பிறகு கூடம் ஓய்ந்தது. நாடாச் சுருள்கள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தன. 2001 வந்துவிட்டுப் போனது. யாரும் அவற்றைத் தேடவில்லை. அதற்கும் பல வருஷம் கழித்து பால் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் கண்டெடுத்து, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தது. சிறுபத்திரிகைக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பரணில் நாம் கட்டிவைத்திருப்பதும் இந்த ரகம்தான்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. நண்பர் அனுப்பிய இசைத்தட்டை ஐப்பசி மழையில் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. மாத்தூருடைய ஒன்றின் தலைப்பு மட்டும் நிறுத்தியது. ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் மின்சாரம் பம்ப்செட்டாக வந்தது. சங்கீதத்துக்குள் அது நுழைந்தது சுருதிப் பெட்டியாக. எண்பதுகளில், முதல் சம்பளத்தில், அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொண்டுவந்தேன். அப்பா பாட்டு வாத்தியார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைச் சேக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. சுவிட்சைப் போட்டாப் போதும்."

"அப்ப அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

வயசானவர் பேச்சு என்று சிரித்துவிட்டேன். தம்புரா மூலைக்குப் போயிற்று. அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

அந்தக் கேள்வி இந்த நாடாக்களைக் கேட்டபோதுதான் எனக்குக் கேட்டது. பழைய மூக் எந்திரத்தில் ஸ்வரத்தைத் தீர்மானிப்பது மின் அழுத்தம். ஒரு பகுதியை இன்னொன்றோடு வயரால் இணைத்தால்தான் சப்தம். அறை சூடானால் சுருதி நழுவும். வயர்களைப் பிடுங்கிவிட்டால் நேற்றைய சப்தம் நேற்றோடு போயிற்று. எதிர்காலத்திலிருந்து வந்த எந்திரம் நடந்துகொண்டது எங்கள் வீட்டுத் தம்புராவைப் போலத்தான். தம்புராவைப் போலவே ஒலிக்கச் செய்த என் பெட்டியோ, சப்தத்தை எடுத்துக்கொண்டு அந்த நழுவலை விட்டுவிட்டது. பழசுக்கும் புதுசுக்கும் சண்டை என்று இத்தனை நாள் நான் எழுதிவந்தது தப்பு என்று தோன்றுகிறது. பிரிவினை வேறு இடத்தில் இருக்கிறது. காதைக் கேட்டு வாங்கும் கருவிகள் ஒரு பக்கம், காதுக்கு ஓய்வு கொடுக்கும் கருவிகள் இன்னொரு பக்கம்.

மறுநாள் உறையைக் கழற்றினேன். தஞ்சாவூரில் செய்தது, பலா மரம். ஈரத்தில் பிரடை இறுகிக் கிடந்தது. பஞ்சமத் தந்தி கையோடு வந்தது. மிச்சம் மூன்று. குதிரைமேல் ஜீவாளிக்கு நூல் தேடி, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தேன். சாரணை சேர்ந்தால் மந்தரம் இறங்கியது. மந்தரத்தைப் பார்த்தால் அனுசாரணை. நூலை மயிரிழை நகர்த்த, தந்தி திடீரென்று வாய் திறந்தது. ரீங்காரம் கூடத்தை நிரப்பிற்று. கடிகாரத்தைப் பார்த்தால் முக்கால் மணி. எனக்குப் பாட வராது. பாடவும் இல்லை. அப்பா கேட்ட 'அதுவரைக்கும்' இதுதான் போலிருக்கிறது. தினமும் விடிகாலையில் அவருக்கு இருந்த அதை நான் சுவிட்சால் அடைத்திருக்கிறேன், பிரியமாக, சம்பளப் பணத்தில்.

சாயங்காலம் பேத்தி வந்தாள். கைபேசியில் தம்புராவைப் போட்டுக்கொண்டு சரளி வரிசை பாடினாள். சுருதி சுத்தமாக இருந்தது. மூலையில் என் மூன்று தந்திகளும் அதற்குள் இறங்கியிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.