முப்பது கஜ தூரம்

ஆயுதங்களைப் பற்றிச் சர்ச்சை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கீத ரசிகர்களின் ஞாபகம் வரும். எந்தப் பாடகர் உயர்த்தி என்று விடிய விடிய வாதாடுவது போலவே, இரண்டாவது உலக யுத்தத்தில் காலாட்படைச் சிப்பாய்கள் தோளில் தாங்கி டாங்கியைச் சுட்ட ஆயுதங்களில் எது உயர்த்தி என்று இவர்களும் வாதாடுகிறார்கள். அமெரிக்கரின் பஸூக்காவா, ஆங்கிலேயரின் பியட்டா, ஜெர்மானியரின் பான்ஸர்ஃபாஸ்டா? எடை எவ்வளவு, எத்தனை தூரம் பாயும், எத்தனை கனமுள்ள தகட்டைத் துளைக்கும் என்று கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கட்டங்களைப் பார்ப்பதில் எனக்கும் ஒரு சபலம் உண்டு.

மூன்றுக்கும் மூலதத்துவம் ஒன்றே. வெடிமருந்துக் கட்டியின் முகத்தைப் புனல்போலக் குடைந்துவிட்டால், வெடிப்பின் வேகம் சிதறாமல் ஒரு முனையில் குவியும். மன்ரோ என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் 1888-ல் இதன் மூலத்தைக் கவனித்தார். வெடிமருந்தில் குழிவாக இருந்த எழுத்துக்கள், வெடித்த பிறகு இரும்புத் தகட்டிலும் பதிந்திருந்தன! அந்தக் குழிவுக்கு ஒரு மெல்லிய உலோக உறை போட்டால், அந்த உலோகமே ஊசிபோலப் பாய்ந்து கவசத்தைத் துளைக்கும். பெரிய பீரங்கி வேண்டாம். மனிதன் தூக்கக்கூடிய ஒரு குழாய் போதும் என்றாயிற்று.

1942-ல் வந்த பஸூக்கா ராக்கெட்டை ஏவுவது. பாப் பர்ன்ஸ் என்ற ஹாஸ்ய நடிகர் வாசித்த வேடிக்கையான ஊதுகுழலின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சுட்டால் பின்புறம் தீ சீறி, சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பியட்டில் அந்தத் தொல்லை இல்லை, வீட்டுக்குள்ளிருந்துகூடச் சுடலாம். ஆனால் கனம் சுமார் 15 கிலோ. உள்ளே இருக்கும் சுருள்வில்லை இழுத்து மாட்ட, காலால் மிதித்துக்கொண்டு, சுமார் 90 கிலோவைத் தூக்குகிற பலத்தோடு இழுக்கவேண்டும். பான்ஸர்ஃபாஸ்டோ ஒரு தடவை சுட்டுவிட்டு எறிந்துவிடுவது. 1943-ல் வந்த மாதிரி சுமார் 5 கிலோதான். 200 மில்லிமீட்டர் உருக்கைத் துளைக்கும். மற்ற இரண்டும் துளைத்தது ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் 30 மீட்டருக்குள் நெருங்கிப் போய்ச் சுடவேண்டும். கட்டத்தின்படி ஜெயம் ஜெர்மானியருக்கே.

மணிப்பூரில் நிங்தௌகோங் என்ற கிராமத்தருகே, 1944 ஜூன் 12-ம் தேதி, கஞ்சு லாமா என்ற சிப்பாய் ஜப்பானிய டாங்கிகளை நோக்கி ஒரு பியட்டுடன் ஊர்ந்து போனார். சிக்கிம்காரர், கூர்க்காப் படையில் சேர்ந்தவர், இருபது வயது நிரம்பவில்லை. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலது கையிலும் காலிலும் காயம். அப்படியும் முப்பது கஜ தூரத்துக்குள் போய் இரண்டு டாங்கிகளை அழித்தார். அதற்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பியட்டின் கனத்தைக் குறையாக எழுதிவைத்த கட்டத்தில், முறிந்த மணிக்கட்டுக்கு இடம் ஏது?

அதற்காகக் கட்டங்கள் வீண் என்று சொல்லிவிட முடியாது. 1950 ஜூலை 5-ம் தேதி, கொரியாவில் ஓசான் அருகே, அமெரிக்கர்கள் பழைய பஸூக்காவோடு வட கொரியரின் டி-34 டாங்கிகளுக்கு எதிரே நின்றார்கள். ஓர் அதிகாரி மிக அருகிலிருந்து 22 ராக்கெட்டுகளைச் சுட்டும் பயனில்லை. கட்டத்தில் ஓர் எண் குறைந்ததற்கு, களத்தில் நின்றவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

ஆனால் கட்டத்தில் ஜெயித்ததன் கதையையும் கேளுங்கள். 1944 கடைசியில் ஜெர்மனி 16 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்களைத் திரட்டி 'மக்கள் படை' அமைத்தது. அவர்கள் கையில் கொடுக்க வாகாக அமைந்தது பான்ஸர்ஃபாஸ்ட்தான். இலேசு, மலிவு, உபயோகிக்கும் முறை அதன் தலையிலேயே அச்சிட்டிருக்கும். படித்துவிட்டுப் போகவேண்டியதுதான். பள்ளிக்கூடத்துப் பையனைச் சோவியத் டாங்கிக்கு அருகே அனுப்ப அதன் உயர்ந்த குணங்களே வழி செய்து கொடுத்தன. கனமான பியட்டைச் செய்தவர்களுக்கு அந்தச் சபலம் அவ்வளவு சுலபமாக வந்திராது.

1996-ல் அமெரிக்கப் படைக்கு வந்த ஜாவலினை 2,000 மீட்டர் தூரத்திலிருந்து ஏவிவிட்டு, சிப்பாய் ஓடி ஒளிந்துகொள்ளலாம். குறியை அதுவே தேடிப் போகும். எது உயர்த்தி என்று என்னைக் கேட்டால், சுடுகிறவனை அதிக தூரத்தில் நிறுத்துவது எதுவோ அதுதான் என்பேன். அந்தக் கணக்கில் பழைய மூன்றுமே தோற்றவைதான்.