ராப்பாலு மீன்

பெரியோர் பலரைப் பற்றி நம் பாடநூல்களில் படிக்கின்றோம். பாடநூலில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவருடைய பெயரைப் பல ஆண்டுகள் நான் தவறாகவே உச்சரித்து வந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது. அதற்குக் காரணம் என் அப்புச்சி.

அப்புச்சி கோவையில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு, சினிமா என்று எதுவும் அவருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் தூண்டில் கழியும் கையுமாகச் சூலூர்க் குளத்துக்குப் புறப்பட்டுவிடுவார். குத்தகைக்காரரிடம் சொல்லிக்கொண்டுதான் நரம்பை வீசுவார். ஒரு நாளும் மீனை விற்றதில்லை. “இது பொழப்பு இல்லீங் கண்ணு, பொழுதுபோக்கு” என்பார்.

அவரிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதற்குள் விரல் நீளத்தில் மரமீன்கள் இருக்கும். முன்னொரு காலத்தில் மில் எஞ்சினியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு மரமீன் வாங்கி வந்து கொடுத்தாராம். அது பாறையில் மோதி உடைந்துபோகவே, அதையே மாதிரியாக வைத்து அப்புச்சி தாமே செய்யத் தொடங்கினார். அவற்றுக்கெல்லாம் ஒரே பெயர், “ராப்பாலு”. இரவில் குடிக்கும் பாலுக்கும் இந்த மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிறு வயதில் நான் வியந்ததுண்டு.

கல்யாண முருங்கைக் கட்டையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, வயிற்றில் கம்பி செருகி, முகவாயில் ஒரு சிறு தகட்டைப் பொருத்துவார். பிறகு உடல் முழுவதும் வெள்ளித்தாள் ஒட்டி வார்னீஷ் பூசுவார். காய்ந்ததும் வாசல் தண்ணீர்த் தொட்டியில் நூல் கட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை. மீன் இருபுறமும் தள்ளாடிக்கொண்டு வர வேண்டும். “நேராப் போனா அது கட்டை, அம்முணி. நொண்டிக்கிட்டுப் போனாத்தான் மீனு” என்று சொல்லிக் கம்பியைச் சற்றே வளைத்துக் கொடுப்பார்.

வெள்ளித்தாளுக்கு நான்தான் பொறுப்பு. வகுப்பில் பிறந்தநாள் என்றால் சாக்லேட் தருவார்கள் அல்லவா? எல்லாரும் பிரித்துப் போடும் தாள்களைப் பொறுக்கி, நகத்தால் நீவி, புத்தகத்துக்குள் வைத்து எடுத்துச் செல்வேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பின் வரிசையிலிருந்து, “குப்பைக்காரி வந்துட்டாடீ!” என்று ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த தாள்கள் அத்தனையையும் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மாலையில் அப்புச்சி கேட்டபோது, “இப்பெல்லாம் யாரும் சாக்லேட் கொண்டு வர்றதில்லீங்க அப்புச்சி” என்று கூசாமல் பொய் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையே சொன்னேன்.

ஒரு நாள் அப்புச்சிக்குத் தலை சுற்றி, திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா மாத்திரைகளைத் தேடினால், ஒரு டம்ளரில் எல்லாம் கலந்து கிடந்தன. சர்க்கரைக்கு எது, இரத்த அழுத்தத்துக்கு எது என்று அவருக்கே புரியவில்லை. வெள்ளித்தாளுக்காக மாத்திரை அட்டைகளை முன்கூட்டியே பிரித்துவிட்டிருந்தார்! அம்மா அவரைக் கோபித்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் பள்ளி நூலகத்தில், விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் அந்த மரமீனின் படத்தைக் கண்டேன். கீழே “ராபாலா” என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது லௌரி ராபாலா என்ற மனிதரின் பெயர்!

அவர் 1905-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் பிறந்தவர். மிகவும் ஏழை. குளிர்காலத்தில் மரம் வெட்டவும் மற்ற நாட்களில் மீன் பிடிக்கவும் சென்றவர். பெரிய மீன் ஒன்று சிறுமீன் கூட்டத்தைத் தாக்குகையில் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் படகிலிருந்து கூர்ந்து பார்த்தார். நேராக நீந்தும் மீன்களை விட்டுவிட்டு, தள்ளாடி நீந்தும் ஒன்றையே அது விழுங்கியது. அந்தத் தள்ளாட்டத்தைச் செய்துகாட்ட வேண்டும் என்று முயன்று, 1936-இல் தக்கையில் ஒரு மீனைச் செதுக்கி வெற்றி கண்டார். அவருக்குக் கருவியாக இருந்தவை செருப்புத் தைக்கும் கத்தியும் உப்புத்தாளும்தான். வார்னீஷ் வாங்கக் காசில்லாமல் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். மேலே மினுமினுப்புக்கு அவர் ஒட்டியது என்ன தெரியுமா? சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள்!

1962-இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் இந்த மீனைப் பற்றி எழுதியது. அதன்பின் குவிந்த ஆர்டர்களைச் செய்து முடிக்க அந்தக் குடும்பம் திணறியது. 1974-இல் அவர் மறைந்தார். பிழைப்புக்காக ஓர் ஏழை செய்த கருவி, உலகெங்கும் பொழுதுபோக்காக மீன் பிடிப்போரின் பெட்டியில் இடம்பெற்றுவிட்டது. ஒவ்வொரு மரமீனையும் தண்ணீரில் இழுத்துச் சோதித்த பிறகே வெளியே அனுப்புவது அவர்கள் வழக்கமாம். எங்கள் வாசல் தொட்டி என் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அப்புச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வெள்ளித்தாள் இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. குப்பைத் தொட்டியையும் என் பொய்யையும் சொல்லி அழுதேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தாளு போனாப் போவுது சாமி. அந்த மனுசன் பேரை இன்னொருக்காச் சொல்லு” என்றார். சொன்னேன். “லௌரி ராபாலா” என்று மெதுவாகத் தாமும் சொல்லிப் பார்த்தார். “இத்தனை வருசமா அவரு பேரைக் கெடுத்துப்போட்டனே!” என்று வருந்தினார்.

கருவி செய்பவரின் பெருமை, அதைக் கையாள்பவரிடமும் இருக்கிறது. அப்புச்சி தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை அரத்தால் தேய்த்துவிடுவார். சிக்கிய மீனை நோகாமல் திரும்ப விடுவதற்காக. குஞ்சுகளைக் காவல் காக்கும் விராலிடம் மரமீனை வீசவே மாட்டார். பவானிசாகருக்கு வந்து சேரும் நம் மாயாற்றில் திமில் மஹ்சீர் என்ற அரிய மீன் இருக்கிறது. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையில் ஒன்று தூண்டிலில் பிடிபட்டதாம். 2018-இல் இந்த இனம் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. இம்மீன் குறைந்து வருவதை விஞ்ஞானிகள் கண்டறிய, காவிரியில் தூண்டில் போட்டவர்கள் பிடித்து விட்ட மீன்களுக்கு எழுதி வைத்த கணக்கே உதவியது. பொழுதுபோக்கிலும் பொறுப்பு உண்டு என்பதற்கு இது சான்று.

இப்போது நான் வெட்கப்படுவதில்லை. அன்று “குப்பைக்காரி” என்று சொன்ன தோழியே சென்ற மாதம் தன் பிறந்தநாளன்று பதினான்கு வெள்ளித்தாள்களை நீவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புச்சி அவற்றில் மூன்று மீன்கள் செய்திருக்கிறார். மாத்திரைகள் பத்திரமாக அட்டையிலேயே இருக்கின்றன.

அன்புத் தோழியரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் சாக்லேட்டைத் தின்ற பின் தாளைக் கசக்கிவிடாதீர்கள். என்னிடம் கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு